காலம் குறிக்காத அட்டை

சித்தப்பா தன் வீட்டுச் சமையலறைக்குள் போவதற்கு முன் இருமுவார். சளி இருமல் இல்லை. இரண்டு சின்ன இருமல், நடுவில் ஒரு மூச்சு இடைவெளி. உள்ளே சித்தி இருந்தால் மட்டும்தான் அப்படி. நான் இருந்தாலோ யாருமே இல்லாவிட்டாலோ நேரே போய்த் தண்ணீர் எடுத்துக் குடிப்பார். பத்து வயதில் அந்த வீட்டுக்கு வந்த எனக்கு இந்த வித்தியாசம் பிடிபட மூன்று வருடம் ஆயிற்று. காரணம் பிடிபட இன்னும் ஆறு வருடம்.

சித்தி என் அம்மாவின் தங்கை. அம்மா இறந்த பிறகு, கப்பல் வேலைக்குப் போன அப்பா என்னை அவர்களிடம் விட்டார். முன்னறை, உள்ளறை, சமையலறை, அவ்வளவுதான் வீடு. முன்னறையில் மடக்குக் கட்டிலில் சித்தப்பா. உள்ளறையில் இரட்டைக் கட்டில். அதில் ஒரு பக்கம் சித்தி, மறுபக்கம் நான். பிள்ளை பயப்படும், அதனால்தான் சித்தி கூடப் படுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பதினைந்து வயதில் எனக்கு எந்தப் பயமும் இல்லை. அப்போதும் யாரும் கட்டிலை மாற்றவில்லை.

சித்தப்பாவுக்கு வேலை பல்செட் செய்வது. பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்குக்குப் பின்னால் ஒரு நீள அறை. மேசை முழுக்க மனிதர்களின் ஈறுகள், வெள்ளைப் பிளாஸ்டர் அச்சுகளாக, ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலில் ஒரு எண். ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடாக்கி, இளஞ்சிவப்பு மெழுகை உருக்கி, அதில் ஒவ்வொரு பல்லாக நிறுத்துவார். தெருவில் அவர் பெயர் ‘பல்லுக்காரர்’. சபையில் வேறு பெயர்: ‘முன்பெஞ்சு அண்ணன்’.

சபை என்றால் நாற்பது குடும்பம். டயர் கடைக்கு மேல் மாடியில் ஒரு வாடகைக் கூடம், ஜெபத்தின் நடுவிலும் ரப்பர் வாசனை வரும். முதல் கிறிஸ்தவர்கள் எப்படி வாழ்ந்தார்களோ அப்படியே வாழ வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. அப்போஸ்தலர்கள் சபைகளுக்கு எழுதிய கடிதங்களில் என்ன இருக்கிறதோ அதைக் கூட்டாமல் குறைக்காமல் செய்துவிட வேண்டும். மூத்தவரை எல்லோரும் பெரியண்ணன் என்று கூப்பிடுவார்கள். நல்ல மனிதர். நோயாளி வீட்டுக்கு முதலில் போய் நிற்பவர். கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை சுலபமாகியிருக்கும்.

கணவனும் மனைவியும் ஜெபத்துக்காகச் சில நாள் பிரிந்திருக்கலாம், இருவரும் சம்மதித்தால், ஒரு காலத்துக்கு மட்டும் என்று பவுல் எழுதியிருக்கிறார் அல்லவா? அதற்கு இந்தச் சபையில் ஓர் அட்டை உண்டு. ‘இருவர் அட்டை’ என்பார்கள். காரணம், காலம், இரண்டு கையெழுத்து. நிரப்பி, கூட்டத்தில் கொடுக்க வேண்டும். பெரியண்ணன் வாசிப்பார். பெரும்பாலும் மூன்று நாள், ஒரு வாரம். கூட்டம் முடிந்து படி இறங்கும்போது ஆண்கள் ஒருவரையொருவர் சீண்டுவார்கள்.

“என்ன தம்பி, இந்த வாரம் லீவாமே?”

“நீங்க போன மாசம் ரெண்டு நாள் எடுத்துட்டு ஒண்ணரை நாள்ல திரும்பி வந்தீங்களே அண்ணே, அத மறந்துட்டீங்களா?”

மாதத்தின் முதல் ஞாயிறு பெரியண்ணன் இரும்புப் பெட்டியைத் திறந்து, “அட்டை முடிக்கிறவங்க எழுந்து நிக்கலாம்” என்பார். கணவனும் மனைவியும் சேர்ந்து எழுந்தால், அட்டையை இரண்டாகக் கிழித்து ஆளுக்குப் பாதியாகக் கொடுப்பார். காலம் குறித்த அட்டை அந்த நாளோடு தானே முடிந்துவிடும், இது சாட்சிக்கு மட்டும். ஒருவர் மட்டும் எழுந்தால் செல்லாது. ஒருவர் சம்மதத்தில் தொடங்காதது ஒருவர் சம்மதத்தில் முடியவும் கூடாது என்பது அவர்கள் நியாயம்.

சித்தி தன் அட்டைக் கதையைச் சொன்னது சலவைக் கடையில். அவள் அங்கே கவுன்ட்டரில் உட்காருவாள். எனக்கு அப்போது பத்தொன்பது. கல்லூரியில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தேன், எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலைத் தாண்டிய முதல் ஆள். அதனால் எதையும் கேட்கலாம் என்ற திமிர்.

“சித்தி, மொத ஞாயித்துக்கிழமை மட்டும் நீ ஏன் சித்தப்பாவோட முதுகையே பாத்துட்டிருக்க?”

அவள் ஒரு சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்து எண் எழுதிய துணித்துண்டைக் குத்தினாள். இன்னொரு சட்டை. பிறகு சொன்னாள்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம் ஒரு குழந்தை பிறந்து, அன்றே போய்விட்டது. அடுத்த குழந்தைக்காக ஜெபிக்கலாம் என்று அட்டை எடுத்தார்கள். சித்தி கையெழுத்துப் போட்டாள். நாற்பது நாளா முப்பது நாளா என்று இருவருக்கும் தீராத வாக்குவாதம். அவர் காலத்தை நிரப்பாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போகும் வழியில் பேசிக்கொள்ளலாம் என்று. வழியில் மழை. பேசவில்லை. கூட்டத்தில் பெட்டி நகர்ந்து வந்தது, அவர் அப்படியே போட்டுவிட்டார்.

“பெரியண்ணன் எடுத்து வாசிச்சார். காலம்னு இருக்கிற எடத்துல நிறுத்திட்டார். கண்ணாடியக் கழட்டித் துடைச்சார். ‘இந்தத் தம்பி காலம் குறிக்கல. கர்த்தர் வர்ற வரைக்கும்னு விட்டுட்டான்’னு சொல்லி அழுதுட்டார். கூடமே ஸ்தோத்திரம் சொல்லிச்சு. ஒரு அம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு முத்தம் கொடுத்தாங்க. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல.”

“சித்தப்பா எழுந்து ‘இல்ல, நாப்பது நாள்தான்’னு சொல்லியிருக்கலாமே?”

“நீ சொல்லுவியா? அத்தனை பேர் அழுதுட்டிருக்கும்போது, எனக்குப் பொண்டாட்டி வேணும்னு எழுந்து நின்னு சொல்லுவியா?” சித்தி சிரித்தாள். “நாப்பது நாள் கழிச்சு, இன்னும் ஒரு மாசம், மறந்துடுவாங்கன்னார். எங்க மறந்தாங்க? முன்பெஞ்சுல உக்கார வெச்சுட்டாங்க. வாலிபப் பசங்களுக்கு அடக்கத்தப் பத்திப் பேசச் சொன்னாங்க.”

“வீட்டுக்குள்ள யாருக்குத் தெரியப் போகுது சித்தி?”

“அங்கதான் மாட்டிக்கிட்டேன். அட்டை முடியாம சேந்தா அது பொய்யாம். உன் சித்தப்பாவுக்குப் பொய் சொல்லத் தெரியாதுடி. உண்மையும் சொல்லத் தெரியாது.”

அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்தபோது, நான் யாருடைய இடத்தில் படுத்திருக்கிறேன் என்று முதல்முறையாகத் தோன்றியது. நான் இருந்தது அவர்களுக்கு வசதியாகிவிட்டதோ? தனிக் கட்டிலுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. நான் வந்து சேர்ந்தேன்.

முதுகலையில் ஆரம்பகாலக் கிறிஸ்தவம் ஒரு பாடமாக வந்தது. பவுலின் அந்தக் கடிதத்தை இரவல் கண்ணோடு அல்லாமல் சொந்தக் கண்ணோடு வாசித்தேன். ஆணும் பெண்ணும் தொடாமல் இருப்பதே உயர்ந்தது என்று சிலர் சொல்ல, அதற்கு அவர் எழுதிய பதில் அது. மனைவியின் உடல்மேல் கணவனுக்கு எவ்வளவு உரிமையோ, அதே அளவு கணவனின் உடல்மேல் மனைவிக்கும் என்கிறார். அந்தக் காலத்தில் யார் அப்படி எழுதினார்கள்? பின்னால் வந்த ஆயர்களும், மற்றவரைக் கேட்காமல் ஒருவர் மட்டும் எடுக்கும் விரதத்தைக் கண்டித்திருக்கிறார்கள். நகல் எடுத்து, மஞ்சள் பேனாவால் கோடு போட்டு, சித்தப்பாவின் வேலைக்கூடத்துக்குப் போனேன். ஒரு வீட்டைத் திறக்கும் சாவி என் பையில் இருப்பதாக நினைப்பு.

“சித்தப்பா, ஒண்ணு காட்டணும்.”

“காட்டு. மேசைய மட்டும் ஆட்டாத. முன்பல்லு வரிசை நிக்குது.”

நான் வாசிக்க ஆரம்பித்தேன். இரண்டு பேர் சம்மதம். கொஞ்ச காலம். பிறகு மறுபடி சேர வேண்டும். அதுவும் கட்டளை இல்லை, சலுகைதான். அவர் மெழுகுக் கத்தியை விளக்கில் காட்டிக்கொண்டே கேட்டார்.

“அடுத்தது?”

நான் தாளைத் திருப்பித் தேடினேன். அவரே சொன்னார், பார்க்காமல். “எல்லாரும் தன்னை மாதிரித் தனியா இருந்தா நல்லாருக்கும்னு அவருக்கு ஆசை. ஆனா அவனவனுக்குக் கிடைச்ச வரம் வேற வேறன்னு ஒத்துக்கிறார்.” கத்தியைக் கீழே வைத்தார். “எனக்கு அந்த வரம் இல்லம்மா. மொத வாரமே தெரிஞ்சுபோச்சு.”

என் சாவிக்கு அங்கே பூட்டே இல்லை. அவருக்கு அந்தப் பக்கம் மனப்பாடம்.

“அப்போ ஏன் சித்தப்பா?”

“சைக்கிள் கடைத் தம்பியத் தெரியுமில்ல?”

தெரியும். முன்பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்காருபவர். முப்பது வயதைத் தாண்டியவர்.

“எட்டு வருஷத்துக்கு முன்னாடி என் பேச்சக் கேட்டுட்டு, நிச்சயம் பண்ணின பொண்ணுகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டான். அந்தப் பொண்ணோட அப்பா என்கிட்ட வந்து அழுதார். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? அவருக்காக ஜெபம் பண்ணினேன்.” பிளாஸ்டர் தூசி படிந்த கையைப் பார்த்துக்கொண்டார். “நான் எழுந்து, அது ஒரு காலி எடம், மழைல பேச மறந்துட்டோம்னு சொன்னா, அவன் என்ன ஆவான்? ஞாயித்துக்கிழமை வந்தா என்னைப் பாத்துச் சிரிப்பான்மா. அந்தச் சிரிப்புக்கு முன்னாடி எப்படி எழுந்திருக்கிறது?”

“சித்தி?”

அவர் ஒரு கடைவாய்ப் பல்லை எடுத்து, தப்பான பக்கத்தில் நிறுத்தி, மறுபடி எடுத்தார்.

அந்த வருடம் சித்திக்கு நாற்பது. அட்டைக்குப் பதினாலு. டாக்டர் ஏதோ சொல்லியிருக்கிறார். இனிக் குழந்தைக்கு வழியில்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. அடுத்த நாள் மாலை சித்தப்பா சமையலறை வாசலில் நின்று இருமினார்.

“இருமாதீங்க. உள்ள வாங்க” என்றாள் சித்தி.

நான் முன்னறையில் இருந்தேன். எழுந்து வெளியே போயிருக்க வேண்டும். போகவில்லை.

“குழந்தை கேக்கல. அது போச்சு. பக்கத்துல உக்காந்து டீ குடிக்க ஒரு ஆள் வேணும் எனக்கு. தலைவலின்னா நெத்தியத் தொட்டுப் பாக்க ஒரு ஆள். பதினாலு வருஷமா ஒரு வீட்டுல ரெண்டு வாடகைக்காரங்க மாதிரி இருக்கோம். எழுந்து நில்லுங்க, அது போதும். மீதிய நான் பேசிக்கிறேன்.”

உள்ளே ஸ்டவ்வை அணைக்கும் சத்தம் கேட்டது.

“வர்ற மொத ஞாயிறு” என்றார் அவர். “சத்தியமா.”

“சத்தியம் வேண்டாம். சத்தியம் பண்ணித்தான் இங்க வந்து நிக்கிறோம். எழுந்து நிக்கிறேன்னு மட்டும் சொல்லுங்க.”

“நிக்கிறேன்.”

அந்த ஒன்பது நாள்களை நான் மறக்கவே மாட்டேன். சித்தப்பா சமையலறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தார். ஒரு முழு பல்செட்டுக்கு எத்தனை பல் என்று சித்தி கேட்டாள், “இத்தனை வருஷம் கழிச்சா கேக்கற?” என்றார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் என் போர்வையையும் தலையணையையும் மடித்து முன்னறை அலமாரியில் வைத்து, “ஞாயித்துக்கிழமையிலேருந்து எனக்கு மடக்குக் கட்டில்தான் வசதி” என்றேன். “போடி, வெக்கம் கெட்டவளே” என்று சித்தி துண்டால் அடித்தாள். அவள் முகம் சிவந்திருந்தது.

ஞாயிறு வந்தது. மூன்றாவது வரிசையில் நானும் சித்தியும். முன்பெஞ்சில் சித்தப்பா, பக்கத்தில் சைக்கிள் கடைத் தம்பி. பெரியண்ணன் பெட்டியைத் திறந்தார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி எழுந்தது, நான்கு நாள் அட்டை. கிழித்துக் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். “வேற யாராவது?”

சித்தி எழுந்து நின்றாள்.

நான் சித்தப்பாவின் முதுகைப் பார்த்தேன். இரண்டு கையையும் பெஞ்சின் விளிம்பில் ஊன்றியிருந்தார். தோள் உயர்ந்தது. உடம்பு பெஞ்சைவிட்டு எழும்பியதுகூட எனக்குத் தெரிந்தது. அப்போது தம்பி அவர் பக்கம் திரும்பிச் சிரித்தார், வழக்கமான சிரிப்புதான். சித்தப்பாவின் தோள் இறங்கிவிட்டது.

“என்னம்மா?” என்றார் பெரியண்ணன். “யாருக்காவது ஜெபிக்கணுமா?”

கூடம் முழுக்கத் திரும்பியது. சித்தப்பாவும் திரும்பினார். கடைசி நேரத்தில் கைதவறி எதையோ உடைத்துவிட்டவரின் முகம். சித்தி அவரையே பார்த்தாள். நான் எண்ணவில்லை, ஆனால் ஒருவர் எழுந்து நிற்க அது தாராளமான நேரம்.

“இல்லண்ணே” என்றாள். “கால் மரத்துப்போச்சு.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். “உக்காருங்கம்மா, உக்காருங்க” என்றார் பெரியண்ணன். அவள் உட்கார்ந்தாள். என் பையில் மஞ்சள் கோடு போட்ட தாள்கள் இருந்தன. நானும் எழுந்திருக்கலாம், படித்தவள், பயப்படமாட்டாள் என்று எல்லோரும் நம்பும் பெண். என் கால்கள் நன்றாகத்தான் இருந்தன. எழுந்திருக்கவில்லை. சித்தப்பாவைப் பற்றிக் கோபமாக யோசிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன்.

“அடுத்த மாசம்” என்று அவர் வீட்டில் சொன்னார். சித்தி தலையை ஆட்டினாள். அடுத்த மாதம் பெரியண்ணன் ஊரில் இல்லை. அதற்கடுத்த மாதம் முதல் ஞாயிறுக்கு நான்கு நாள் முன்பு, முற்பகல், வேலைக்கூடத்தில் உட்கார்ந்தபடியே அவருக்கு இதயம் நின்றது. மெழுகு ஆறிய ஒரு மேல்வரிசை முன்னால் இருந்ததாம்.

அடக்கத்தில் பெரியண்ணன் பேசினார். “பதினாலு வருஷம் அட்டை முடிக்காத மனுஷன்” என்றபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சித்தி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து பெரியண்ணன் வீட்டுக்கு வந்தார். சபையில் விதவைகள் பட்டியல் ஒன்றும் உண்டு, அதுவும் முதல் நூற்றாண்டு வழக்கம்தான். அதில் சேர்ந்தவர்கள் மறுமணம் செய்யாமல் ஜெபத்துக்கும் சேவைக்கும் தங்களைக் கொடுப்பார்கள்.

“அறுபது வயசாகணும்னு இருக்கு” என்றார் பெரியண்ணன். “ஆனா உங்க விஷயத்துல சபை விட்டுக்கொடுக்கும்மா.”

“எழுதினபடியே நடக்கட்டும் அண்ணே. இன்னும் இருபது வருஷம் இருக்கு, அப்போ பாக்கலாம்.” டீயை அவர் பக்கம் நகர்த்தினாள். “எங்க அட்டைய முடிக்கணும்.”

“எப்படிம்மா? ரெண்டு பேரும் நிக்கணுமே.”

“நான் நின்னேன். நீங்க பாத்தீங்க.”

அவருக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை, கையிலேயே வைத்திருந்தார். “கால்...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். “மரணம் வந்தா எல்லாம் முடிஞ்சதுதானேம்மா.”

“மரணம் கல்யாணத்த முடிக்கும். அட்டைய அவர்தான் முடிக்கணும்.”

யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். இன்னும் யோசிக்கிறார். உண்மையிலேயே யோசிக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

பிறகு ஒரு மாலை சைக்கிள் கடைத் தம்பி வந்தார். சித்தப்பாவின் பேச்சுக் குறிப்பு நோட்டு கிடைக்குமா என்று கேட்டார். சித்தி எடுத்துக் கொடுத்தாள். அவர் வாசலைவிட்டு நகரவில்லை.

“அக்கா, ஒண்ணு கேக்கலாமா? எனக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. வெளிய சொல்ல முடியல. அண்ணனால மட்டும் எப்படி முடிஞ்சுது?”

சித்தி அவரை உள்ளே உட்காரச் சொன்னாள். “முடியல தம்பி” என்றாள். மழையிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். வரம் இல்லை என்று அவரே என்னிடம் சொன்னதை நான் சொன்னேன்; அந்த அளவுக்காவது வாய் திறந்தேன்.

தம்பி நோட்டை மடியில் வைத்து அதன் மேலுறையைத் தடவிக்கொண்டிருந்தார். “இத அப்பவே யாராவது சொல்லியிருக்கலாமேக்கா” என்றார். டீயைக் குடிக்காமல் எழுந்து போனார். நோட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. இரண்டு வாரமாக அவர் முன்பெஞ்சில் இல்லை, பின்வரிசையில் உட்காருகிறார்.

எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஒருவர் என்னைத் திருமணத்துக்குக் கேட்டிருக்கிறார், நல்லவர். தனியாக இருப்பது எனக்கு வரமா, பயமா என்று தெரியாமல் பதில் சொல்லாமல் இருக்கிறேன். சித்தி அவசரப்படுத்துவதில்லை. “எதுன்னாலும் நீயே எழுதிக் குடு, காலியா விடாத” என்றாள் ஒருமுறை, அவ்வளவுதான்.

முதல் ஞாயிறுகளில் சித்தி இப்போதும் போகிறாள். பெரியண்ணன் பெட்டியைத் திறந்து அட்டைகளைப் புரட்டுகிறார். ஒன்றின் மேல் மட்டும் அவர் விரல் நிற்கிறது. வாசிப்பதும் இல்லை, கிழிப்பதும் இல்லை, அடியில் தள்ளிவிட்டு அடுத்ததை எடுக்கிறார். சித்தப்பாவுக்குத் தம்பியிடமும் ஒரு வார்த்தை பாக்கி இருந்தது, அதைச் சித்தி சொல்லித் தீர்த்துவிட்டாள். சித்திக்காக அவர் ஒருமுறை எழுந்து நிற்க வேண்டியிருந்தது. அதை அவர் சார்பில் வேறு யாரும் செய்ய முடியாது. அந்தப் பாக்கி அப்படியே இருக்கிறது.